மலிவு ரைஃபிளுக்குச் செலவு செய்யலாமா? வாசகர் கேள்வி பதில்

ஆரம்ப நிலை வேட்டைக்காரர்களுக்கென்று குறைந்த விலையில் வரும் போல்ட் ரைஃபிள்களின் பழுது பற்றி வந்த கேள்விகளை இம்முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கீழே சொல்லியிருக்கிற எந்தச் சோதனையைச் செய்வதானாலும் முதலில் மேகசினைக் கழற்றுங்கள். கைப்பிடியால் இழுத்துத் திறக்கும் பூட்டு உருளையான போல்ட்டைத் திறந்து, தோட்டா போகும் அறை காலியா என்று கண்ணால் பார்ப்பதோடு விரலையும் விட்டுப் பாருங்கள். நீங்கள் வேலை செய்கிற வீட்டு அறையிலேயே தோட்டாப் பெட்டி இருக்கக் கூடாது.

கேள்வி: ஸ்கோப்போடு (குறிபார்க்கும் தொலைநோக்கி) சேர்த்து விற்கிற .308 ரைஃபிள் ஒன்றை ஆறு வருடத்துக்கு முன் வாங்கினேன். 100 மீட்டரில் மூன்று குண்டும் 4 செ.மீ. வட்டத்துக்குள் விழும். இப்போது 12, 15 செ.மீ. என்று சிதறுகிறது. குழல் தேய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் பழுது பார்ப்பவர். அந்தச் செலவு புது ரைஃபிள் விலையில் முக்கால்வாசி. இதுவரை 300 தோட்டா சுட்டிருப்பேன். மாற்றலாமா, வேறு வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். .308 வின்செஸ்டர் குழலுக்கு நிதானமாகச் சுட்டால் 5,000 தோட்டா வரை ஆயுள் உண்டு. வருடத்துக்கு இரண்டு பெட்டி, அதாவது 40 தோட்டா சுடுகிறவருக்கு அது ஒரு நூற்றாண்டுக்கு மேல் வரும். 300 தோட்டாவில் குழல் தேயாது. கோளாறு வேறெங்கோ இருக்கிறது. செலவில்லாத சோதனையில் ஆரம்பித்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

முதலில் திருகுகள். துப்பாக்கியின் இரும்புப் பகுதியைத் தோளில் ஊன்றும் கட்டையோடு பிடித்திருப்பவை பெரும்பாலும் இரண்டே திருகுகள். ஒவ்வொரு வெடியின் அதிர்விலும் இவை கொஞ்சம் கொஞ்சமாக இளகும். போல்ட்டை வெளியே எடுத்துவிட்டு, துப்பாக்கியைப் பின்கட்டை தரையில் படும்படி செங்குத்தாக நிறுத்துங்கள். அப்படி நிறுத்தினால்தான் அதிர்வைத் தாங்கும் முட்டு, கட்டையில் தனக்குரிய இடத்தில் பின்னோக்கி உட்காரும். பிறகு முன் திருகு, அடுத்து பின் திருகு. கையேட்டில் முறுக்கு அளவு கொடுத்திருந்தால் அதுதான் கணக்கு. கொடுக்கவில்லையென்றால், உள்ளே உலோகத் தூண் பதித்த கட்டைக்கு 60 முதல் 65 இன்ச்-பவுண்டும், தூண் இல்லாத வெறும் பிளாஸ்டிக் கட்டைக்கு 35 முதல் 40 இன்ச்-பவுண்டும் போதும். முறுக்கு அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் கை போன போக்கில் முறுக்கினால் பிளாஸ்டிக் நசுங்கும். நசுங்கிய பிளாஸ்டிக்கில் திருகு நிற்காது. பத்து வெடியில் மறுபடி இளகிவிடும். இறுக்கி முடித்ததும் திருகுத் தலையிலும் பக்கத்து உலோகத்திலும் சேர்ந்தாற்போல் நகப்பூச்சில் ஒரு கோடு போட்டுவையுங்கள். கோடு விலகியிருந்தால் திருகு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

அடுத்து ஸ்கோப். இந்த வகை செட்டுகளில் விலையைக் குறைக்க முதலில் கை வைக்கும் இடம் இதுதான். ஆகவே சந்தேகமும் முதலில் இதன் மேல்தான் விழ வேண்டும். அடித்தளத் திருகுகளைக் கழற்றி எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து, நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி வைத்து, சுமார் 20 இன்ச்-பவுண்டுக்கு இறுக்குங்கள். வளையத் திருகுகளுக்கு 15 முதல் 18 போதும். அதற்கு மேல் போனால் ஸ்கோப்பின் குழாய் நெளிந்து, உள்ளே இருக்கும் சரிக்கட்டும் பாகம் சிக்கிக்கொள்ளும். அடித்தளத்தின் முன் திருகைப் போட்டதும் போல்ட் இறுக்கமாகத் திரும்பினால், திருகு நீளம் அதிகமாகி உள்ளே முட்டுகிறது. அதை அப்படியே விட்டுவிடக் கூடாது.

ஸ்கோப் உள்ளுக்குள் பழுதா என்று அறிய ஒரு பெட்டி வரைந்து பார்க்கலாம். 100 மீட்டரில் மூன்று குண்டு சுடுங்கள். குமிழை வலப்பக்கம் 20 கிளிக் திருப்பி மூன்று, மேலே 20 திருப்பி மூன்று, இடப்பக்கம் 20 திருப்பி மூன்று, கீழே 20 திருப்பி மூன்று. குறிப்புள்ளியை மட்டும் மாற்றாதீர்கள். கால் நிமிடக் கிளிக் உள்ள ஸ்கோப்பில் 20 கிளிக் என்றால் 5 நிமிடக் கோணம் (ஒரு நிமிடம் என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). 100 மீட்டரில் சுமார் 14.5 செ.மீ. சதுரம் சதுரமாக வந்து, கடைசி மூன்று குண்டு முதல் மூன்றின் மேலேயே விழ வேண்டும். சதுரம் சாய்சதுரமானாலோ, திரும்பி வரவில்லையென்றாலோ குற்றவாளி ஸ்கோப்தான். நன்றாக இருப்பது உறுதியான வேறு ஸ்கோப் கையில் இருந்தால் அதை மாட்டிச் சுடுவது இன்னும் சுருக்கமான வழி.

ஸ்கோப்பும் சரி, திருகும் சரி என்றால் கட்டையைப் பாருங்கள். ஒரு காகிதத் துண்டைக் குழலுக்கும் முன்கட்டைக்கும் நடுவே நுழைத்துப் பின்னால் இழுங்கள். எங்கேயாவது மாட்டினால் குழலைக் கட்டை தொடுகிறது. காகிதம் தடையில்லாமல் போகிறதா? இப்போது முன்கட்டையை மேசை விளிம்பிலோ மணல் மூட்டையிலோ சுடும்போது ஊன்றுவதைப் போலவே ஊன்றி மறுபடி இழுங்கள். மலிவுக் கட்டைகளின் குணமே இங்கேதான் வெளிப்படும். கையில் பிடிக்கும்போது இருக்கிற இடைவெளி, ஊன்றியதும் மறைந்துவிடும். வெயிலில் காய்ந்த நாளில் ஒரு பக்கம், குளிரில் இன்னொரு பக்கம் என்று வளையவும் செய்யும். குழலை விடச் சற்றே பருமனான மரக்குச்சியில் 80 நம்பர் உப்புத்தாளைச் சுற்றி, முன்கட்டையின் உள்பள்ளத்தை ஒரே சீராகத் தேயுங்கள். தடிமனான அட்டை ஒன்று தாராளமாகப் போகும்வரை தேய்த்தால் போதும். அதிர்வு முட்டு உட்காரும் இடத்தை மட்டும் தொடாதீர்கள்.

நான்காவது செம்புப் படிவு. குண்டின் செம்பு உறை குழலுக்குள் ஒட்டிப் படிந்து, குண்டைச் சுழற்றுகிற புரிப் பள்ளங்களை மேவிவிடும். வெடிமருந்துக் கரி மட்டும் போகிற மாதிரி எண்ணெய்த் துணி விட்டு இழுத்தால் இது போகாது. அமோனியா கலந்த செம்புக் கரைப்பானைத் துணியில் நனைத்து, அறைப் பக்கத்திலிருந்து வாய்ப் பக்கமாகத் தள்ளி, குப்பியில் போட்டிருக்கிற நிமிடக் கணக்குக்கு ஊறவிடுங்கள். அடுத்த துணி நீலமாக வந்தால் உள்ளே செம்பு இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: வெண்கலப் பிரஷும் பித்தளைத் துணிமுனையும்கூட அந்தக் கரைப்பானில் கரைந்து நீலம் காட்டும். நைலான் பிரஷும், செம்புக் கலப்பில்லாத முனையும் போட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். கரைப்பானை ராத்திரி முழுக்க விடாதீர்கள். முடிந்ததும் துடைத்து எண்ணெய் விடுங்கள். துடைத்த குழலின் முதல் மூன்று, நான்கு குண்டுகள் தனியாகப் போகும். அவற்றைக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

கடைசியாகக் குழல் வாய். குண்டு விட்டுப் பிரிகிற கடைசி விளிம்பு அதுதான். அங்கே ஒரு சிறு நசுங்கல் இருந்தாலும் பின்னாலிருந்து சீறும் வாயு ஒரு பக்கம் முந்திக்கொண்டு குண்டைத் தள்ளிவிடும். காது குடையும் பஞ்சுக் குச்சியை வாய்க்குள் ஒரு செ.மீ. விட்டு, விளிம்பைத் தொட்டபடி வெளியே இழுங்கள். சுற்றிச் சுற்றிப் பத்து இடத்தில் இழுத்துப் பாருங்கள். பஞ்சு நூல் ஒரே இடத்தில் மாட்டி நின்றால் அங்கே பிசிர் இருக்கிறது. லேத்தில் வைத்துச் சில மில்லிமீட்டர் வெட்டி, விளிம்பைப் புதிதாகக் கடைந்து எடுப்பது சிறிய வேலை. குழல் மாற்றுவதோடு ஒப்பிட்டால் ஒரு துளிச் செலவு.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று குண்டுக் கணக்கு ஏமாற்றும். ஒரே துப்பாக்கி, ஒரே தோட்டா, ஒரே கை; மூன்று குண்டில் சராசரி 4 செ.மீ. என்றால் பத்து குண்டில் சராசரியாக 6 செ.மீ.க்கு மேல் வரும். கணிதம் அப்படி. அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு ஒரு குழுவை மட்டும் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். மெல்லிய குழல் சீக்கிரம் சூடாகும். கை வைத்தால் சுடுகிற அளவுக்குப் போகாமல் இடைவெளி விட்டு, ஒரே தோட்டாப் பெட்டியிலிருந்து பத்தையும் சுடுங்கள். இத்தனையும் பார்த்து, 12 செ.மீ. அப்படியே நின்றால் அப்போது குழலைப் பற்றிப் பேசலாம்.

கேள்வி: சேஃப்டியைத் தள்ளியதும், விசையைத் தொடாமலே ஒருமுறை வெடித்துவிட்டது. அதற்குப் பிறகு நூறு முறை முயன்றும் அப்படி ஆகவில்லை. விசைத் திருகை நானே சரி செய்துகொள்ளலாமா?

பதில்: கூடாது. ஒருமுறை ஆனது மறுபடியும் ஆகும். அந்தத் துப்பாக்கியில் இனி தோட்டா போடாதீர்கள்.

காலித் துப்பாக்கியில் கோளாறை உறுதிப்படுத்திக்கொள்ள மட்டும் மூன்று சோதனைகள் செய்யலாம். போல்ட்டை மூடி, சேஃப்டி போட்டு, விசையை அழுத்தமாக இழுத்து விடுங்கள். பிறகு விசையைத் தொடாமல் சேஃப்டியை எடுங்கள். தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசி விழுகிற 'க்ளிக்' கேட்டால் விசைத் தொகுதி பழுது. இரண்டாவதாகப் போல்ட்டை வேகமாக அடித்து மூடிப் பாருங்கள். மூன்றாவதாக, சேஃப்டி இல்லாமல் பின்கட்டையைக் கனத்த ரப்பர் விரிப்பில் சில அங்குல உயரத்திலிருந்து தட்டுங்கள். எதிலாவது ஊசி விழுந்தால் முடிவு அதுதான். எதிலும் விழவில்லை என்பதால் துப்பாக்கி நல்லது என்று ஆகிவிடாது. ஒருமுறை வெடித்ததே போதுமான சாட்சி.

பணம் கொடுப்பதற்கு முன் தொடர் எண்ணை வைத்து, உற்பத்தியாளர் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதாவது விட்டிருக்கிறாரா என்று பாருங்கள். 2014-ல் ரெமிங்டன் நிறுவனம் மாடல் 700, மாடல் செவன் துப்பாக்கிகளில், 2006 மே 1 முதல் 2014 ஏப்ரல் 9 வரை எக்ஸ்-மார்க் புரோ விசையோடு செய்தவற்றைத் திரும்பப் பெற்றது. ஒட்டுப் பசை கூடுதலாகப் போனதால் விசை இழுக்காமலே வெடிக்கலாம் என்பதே காரணம். இப்படி அறிவிப்பு இன்னும் நடப்பில் இருந்தால் வேலை பொதுவாக இலவசம். இல்லையென்றால் விசைத் தொகுதியை முழுசாக மாற்றுங்கள். பழையதைத் தேய்த்துச் சரி பண்ணித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள். விசைக்கும் ஊசிக்கும் நடுவே பிடித்து நிற்கிற அந்த விளிம்பின் மேல்தோல்தான் கடினப்படுத்தியது. அதைத் தேய்த்தால் கீழே இருப்பது மிருதுவான இரும்பு.

கேள்வி: இருபது தோட்டாவில் நாலைந்து வெடிப்பதில்லை. தோட்டாவின் அடியில் ஊசி தட்டுகிற பிரைமரில் லேசான பள்ளம் மட்டும் விழுகிறது. ஊசி மாற்ற வேண்டுமா?

பதில்: முதலில் பழக்கம். வெடிக்காத தோட்டா தாமதித்து வெடிக்கலாம். குழலைக் குறியின் பக்கமே வைத்து, முழுதாக ஒரு நிமிடம் காத்திருந்து, பிறகுதான் போல்ட்டைத் திறக்க வேண்டும்.

காரணம் பெரும்பாலும் போல்ட்டுக்குள் இறுகிப்போன கிரீஸ். தொழிற்சாலையில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசுகிற பிசுக்கையும், பிறகு நாம் விட்ட எண்ணெயையும் சேர்த்துப் பாருங்கள். அது வருடக் கணக்கில் கெட்டியாகி, ஊசியின் வேகத்தைக் குறைக்கும். குளிர்நாளில் மட்டும் வெடிக்காமல் போகிறதென்றால் கண்ணை மூடிக்கொண்டு இதையே சொல்லலாம். கையேட்டின்படி போல்ட்டைப் பிரித்து, ஊசியையும் அதைத் தள்ளும் சுருள்வில்லையும் கரைப்பானில் கழுவிக் காயவையுங்கள். உள்ளே கிரீஸ் கூடாது. லேசான எண்ணெயை விரலில் தொட்டு ஊசி மேல் ஓட்டினால் போதும். கிரீஸ் போட வேண்டிய இடம், போல்ட்டை மூடியதும் அதைப் பூட்டி நிறுத்துகிற காதுகளின் பின்பக்கம் மட்டும்.

கழுவியும் தீராவிட்டால் ஊசி எவ்வளவு வெளியே நீட்டுகிறது என்று அளக்கச் சொல்லுங்கள். பொதுவாக 1 முதல் 1.5 மில்லிமீட்டர் வரை இருக்கும். முனை நீளம் சரி, பள்ளம் மட்டும் ஆழமில்லை என்றால் சுருளைத்தான் மாற்ற வேண்டும், சின்னச் செலவு. வேறு நிறுவனத் தோட்டா ஒரு பெட்டி போட்டுப் பார்த்துவிட்டே கடைக்குப் போங்கள்.

கேள்வி: நுரைப் பஞ்சு வைத்த உறையில் இரண்டு வருடம் வைத்திருந்தேன். குழலுக்குள் துரு. தேறுமா?

பதில்: துரு எங்கே என்பதைப் பொறுத்தது. உறைக்குள் நுரைப் பஞ்சு ஈரத்தை உறிஞ்சிப் பிடித்துவைத்துக்கொள்ளும். துப்பாக்கியைக் கொண்டுபோகத்தான் அந்த உறை. பத்திரப்படுத்தி வைக்க அல்ல.

எண்ணெயில் ஊறவைத்து, பிரஷால் தேய்த்து, துணி சுத்தமாக வரும்வரை துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்பு போய்ப் பள்ளம் தெரியாவிட்டால் ஒன்றும் கெடவில்லை. குழலின் நடுப்பகுதியில் சின்னச் சின்னக் குழிகள் தெரிந்தால், சுட்டுப் பாருங்கள்; பல குழல்கள் அந்தக் குழிகளோடும் ஒழுங்காகவே சுடும். செம்பு மட்டும் சீக்கிரம் படியும், துடைக்கும் வேலை கூடும். வாயிலிருந்து ஓரிரு செ.மீ.க்குள் குழி இருந்தால் அந்தத் துண்டை வெட்டிவிட்டு விளிம்பைக் கடையலாம். சட்டம் சொல்கிற குறைந்தபட்ச நீளத்துக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். குழி அறைக்குள் இருந்தால்தான் கவலை. வெடித்த தோட்டாவின் பித்தளைக் கூடு விரிந்து அந்தக் குழிகளுக்குள் அமுங்கிப் பிடித்துக்கொள்ளும், போல்ட்டை இழுக்கவே முடியாது. லேசான மெருகில் தீர்ந்தால் சரி. ஆழமாக இருந்தால் அறையைக் குடைந்து பெரிதாக்கித் தீர்க்க முடியாது. குழலை மாற்ற வேண்டியதுதான்.

கேள்வி: குழல் வாயில் மண் அடைத்திருந்தது தெரியாமல் சுட்டுவிட்டேன். குழல் வெடிக்கவில்லை, ஆனால் வெளியே தடவினால் ஓரிடத்தில் லேசாகப் புடைத்திருக்கிறது. சுடுவது சுமாராகப் போகிறது.

பதில்: இனி சுடாதீர்கள். போல்ட்டை எடுத்துவிட்டு உள்ளே பாருங்கள், புடைத்த இடத்தில் கறுப்பு வளையம் ஒன்று தெரியும். இரும்பு அங்கே தன் எல்லையைத் தாண்டி விரிந்துவிட்டது. அது திரும்பி வராது. .308-ன் உச்ச அழுத்தம் 62,000 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்குப் பவுண்டு) வரை அனுமதிக்கப்பட்டது. பலவீனமான இரும்பின் மேல் அதை மறுபடி ஏற்றக் கூடாது. புடைப்பு வாய்க்கு மிக அருகே இருந்தால் அந்தப் பகுதியை முழுதாக வெட்டி எறிய இடமிருக்கிறதா என்று துப்பாக்கி மெக்கானிக் பார்ப்பார். இல்லையென்றால் குழல் போனது போனதுதான். போல்ட்டின் பூட்டுக் காதுகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்காமல் புதுக்குழல் மாட்டக் கூடாது.

கேள்வி: குழல் மாற்றுவது சில மலிவு ரைஃபிள்களில் சுலபம், சிலவற்றில் லாயக்கே இல்லை என்கிறார்களே, ஏன்?

பதில்: குழல் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்பதே காரணம். வாங்கும்போது யாரும் கேட்காத கேள்வி இது. பழுதாகும்போது இதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

சாவேஜ் நிறுவனம் 1958-ல் மாடல் 110-ஐக் கொண்டுவந்தபோது, குழலின் பின்பக்கம் புரி போட்டு ஒரு பெரிய வளைய நட்டால் இறுக்கும் முறையைப் பயன்படுத்தியது. இன்றைய ஆக்சிஸ் வரை அதே முறைதான். ரூகர் அமெரிக்கன், ரெமிங்டன் 783 ஆகியவையும் நட்டு முறையில் வந்தவை. இந்த வகையில் அறை ஏற்கெனவே வெட்டி முடித்த குழலை வாங்கித் திருகிப் பொருத்தலாம். போல்ட்டிலிருந்து, சுட்ட பித்தளையை இழுக்கும் எக்ஸ்ட்ராக்டரையும் வெளியே தள்ளும் எஜெக்டரையும் கழற்றிவிட்டு, அறையின் நீளத்தைச் சரிபார்க்கும் 'கோ' அளவுக் கட்டையை உள்ளே வைத்துப் போல்ட்டை மூடுவார்கள். குழல் அந்தக் கட்டையைத் தொடும்வரை திருகி, நட்டை இறுக்குவார்கள். பிறகு 'நோ-கோ' கட்டையை வைத்தால் போல்ட் மூடக் கூடாது. .308-க்குக் கோ கட்டை 1.630 அங்குலம், நோ-கோ 1.634. நடுவே இருப்பது 0.004 அங்குலம், அதாவது 0.1 மில்லிமீட்டர்: ஒரு தலைமுடியின் கனம். அந்த முடியளவு தவறினால், வெடிக்கும்போது தோட்டாவின் பித்தளை அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே இழுபட்டுக் கிழியலாம். அதனால்தான் நட்டு முறை சுலபம் என்றாலும் அளவுக் கட்டை இல்லாத இடத்தில் இந்த வேலையைக் கொடுக்கக் கூடாது.

2001-ல் வந்த ரெமிங்டன் 710-உம், அதற்குப் பின் வந்த 770-உம் வேறு மாதிரி. குழலைப் புரி போட்டுத் திருகவில்லை. அழுத்தி உள்ளே செலுத்தியிருக்கிறார்கள். போல்ட்டின் காதுகள் பூட்டுவதும் குழலின் பின்பகுதியிலேயேதான். தயாரிப்புச் செலவைக் குறைத்த அதே உத்தி, பழுது பார்க்கும் வழியை அடைத்துவிட்டது. இந்த மாடல்களில் குழல் போனால் ஸ்கோப்பையும் மவுண்டையும் கழற்றி வைத்துக்கொண்டு வேறு துப்பாக்கி பார்ப்பதே நல்லது. குழல் நன்றாக இருந்து, சின்னக் கோளாறென்றால் தாராளமாகச் சரி செய்து வைத்துக்கொள்ளலாம்.

குழல் மாற்றினால் உரிமப் பதிவிலும் மாற்ற வேண்டியிருக்கலாம். துப்பாக்கிச் சோதனைக்கான பன்னாட்டு அமைப்பான சி.ஐ.பி.யின் உடன்பாட்டில் உள்ள நாடுகளில், புதுக்குழல் மாட்டிய துப்பாக்கியைச் சோதனை நிலையத்தில் அழுத்தச் சோதனைக்கு உட்படுத்தி முத்திரை வாங்க வேண்டும். அந்தக் கட்டணத்தையும் செலவுக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பிளாஸ்டிக் கட்டையில் விரிசல். பசை போட்டால் நிற்குமா?

பதில்: முன்பக்க விளிம்பில் என்றால் கவலை இல்லை. அதிர்வு முட்டு உட்காரும் இடத்திலோ, கைப்பிடிக் கழுத்திலோ என்றால் பசையை நம்பாதீர்கள். பல பிளாஸ்டிக்குகளில் எப்பாக்ஸி ஒட்டாது, மேலே படிந்து மட்டும் நிற்கும். அதே மாடலுக்கு வேறு கட்டை கிடைத்தால் மாற்றுங்கள். மலிவு ரைஃபிளுக்குச் செய்கிற செலவில் இதைவிடப் பலன் தரும் செலவு குறைவு. முன்கட்டை வளைவதுதான் பிரச்சினை என்றால், உள்பக்கக் கூடுகளைச் சொரசொரப்பாக்கி, பசை கவ்விப் பிடிக்கச் சிறு துளைகள் போட்டு, இரண்டு அலுமினியக் கம்பிகளை எப்பாக்ஸியில் பதிக்கலாம். எடை கொஞ்சம் கூடும், வளைவது நிற்கும்.

கேள்வி: சுட்ட பித்தளை வெளியே வருவதில்லை. குச்சி விட்டுத் தட்ட வேண்டியிருக்கிறது.

பதில்: அறையைத் துடையுங்கள். எக்ஸ்ட்ராக்டர் நகத்துக்கு அடியில் சேர்ந்த பித்தளைத் தூளை ஊசியால் சுரண்டி எடுங்கள். நகம் மழுங்கியிருந்தால் நகம், சுருள் இரண்டையும் மாற்றுங்கள், அரைமணி வேலை. பித்தளையின் விளிம்பை நகம் பிய்த்திருக்கிறதா என்று பாருங்கள். பிய்த்திருந்தால் நகத்தின் மேல் குற்றமில்லை: அறை சொரசொரப்பாக இருக்கிறது, அல்லது தோட்டா அளவுக்கு மீறி அழுத்தம் தருகிறது.

கேள்வி: பழுதுச் செலவு புது விலையில் எவ்வளவு வரை போகலாம்?

பதில்: மூன்றில் ஒரு பங்குக்குள் என்றால் யோசிக்காமல் செய்யுங்கள். பாதியைத் தாண்டினால் நிறுத்துங்கள். நடுவே இருந்தால், அந்தப் பணத்தில் வாங்கும் பாகம் அடுத்த துப்பாக்கிக்கும் போகுமா என்று பாருங்கள். நல்ல ஸ்கோப்பும் வளையங்களும் உங்களோடு வரும்; அவற்றுக்குச் செய்யும் செலவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். குழல், கட்டை, விசை மூன்றும் ஒரே நேரத்தில் கேட்டால் அது பழுது இல்லை, தவணையில் புதுத் துப்பாக்கி வாங்குவது.

கடைக்கு எடுத்துப் போகும்போது வெறும் துப்பாக்கியை மட்டும் நீட்டாதீர்கள். கடைசியாகச் சுட்ட பத்துப் பித்தளைகள், அதே தோட்டாவின் பெட்டி மூடி, தூரம் எழுதிய இலக்குக் காகிதம், எந்தத் திருகை எத்தனை இன்ச்-பவுண்டுக்கு இறுக்கினீர்கள் என்ற குறிப்பு, இவை நான்கும் ஒரு உறையில் இருக்கட்டும். பித்தளையின் அடிப்பக்கத்துக்குச் சற்று மேலே பளபளப்பான வளையம் சுற்றி ஓடுகிறதா என்று போகும் முன்பே வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பித்தளை இழுபட்டுக் கிழிகிற இடம் அதுதான். புதிதாக வாங்கி ஒரே முறை சுட்ட தோட்டாவில் அந்த வளையம் தெரிந்தால், வேறெதையும் சொல்வதற்கு முன் அந்தப் பித்தளையைத்தான் மேசையில் எடுத்து வைக்க வேண்டும்.